காய்ச்ச ஒரு பாத்திரம்

இதில் எதை எடுக்கலாம் மைலா என்று என்னிடம் ஏன் கேட்கிறார். எனக்கென்ன தெரியும். தெரியும், ஆனால் தெரியாது என்று சொல்லத்தானே இருபது வருஷமாக என்னைப் பழக்கி வைத்திருக்கிறார். பலகைமேல் மூன்று நிற்கின்றன. ஒன்று குட்டை, வெந்நீர் போடுகிற எலக்ட்ரிக் கெட்டில் அளவு. இன்னொன்று எவர்சில்வர் டிரம், அதற்குச் செம்பில் ஒரு தலை, தலையிலிருந்து வளைந்து இறங்குகிற குழாய். மூன்றாவதும் அதே மாதிரி டிரம்தான், ஆனால் வளைவு கிடையாது, என் உயரத்துக்கு நேராக ஒரு செம்புத் தூணை நிறுத்தியிருக்கிறார்கள். மூன்றுக்கும் மேலே மஞ்சள் விளக்கு. நகைக்கடையில்கூட இவ்வளவு வெளிச்சம் போட மாட்டார்கள். சாராயம் காய்ச்சுகிற பாத்திரத்துக்கு வந்த வாழ்வைப் பார். சொன்னால் சிரிப்பார், 'இது ஹாபிம்மா' என்பார். சனிக்கிழமை காலையில் ஊரில் உள்ளவர்கள் எல்லாம் துணி துவைக்கிறார்கள், புல் வெட்டுகிறார்கள், நான் நியூசிலாந்தில் ஹாமில்டனில் ஒரு கடைக்குள் நின்று புருஷனுக்குச் சாராயப் பானை பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த நாட்டில் வீட்டிலேயே காய்ச்சிக் குடிக்கத் தடை இல்லை. விற்கத்தான் கூடாது. கடைக்காரன் க்ரெய்க் அதை நாங்கள் உள்ளே நுழைந்ததுமே சொல்லிவிட்டான். 'சொந்தக் குடிக்கு எவ்வளவு வேண்டுமானாலும் காய்ச்சுங்கள், ஒரு பாட்டில் விற்றால் மாட்டிக்கொள்வீர்கள்' என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கம்மா வாழ்நாளில் சொந்தக் குடிக்கென்று ஒரு சொட்டு காய்ச்சினது கிடையாது. நாக்கில் வைக்க மாட்டாள். காய்ச்சினது அத்தனையும் விற்கத்தான். அங்கே காய்ச்சினாலே குற்றம், இங்கே விற்றால் குற்றம். எந்த ஊர்ச் சட்டத்தை எடுத்தாலும் எங்கம்மா ஜெயிலுக்குத்தான் போவாள்.

இன்றைக்குக் கேட்டுவிட வேண்டும். காரில் வரும்போதே கேட்டிருப்பேன், 'ஒண்ணு கேக்கணும்ங்க' என்று வாயைத் திறந்தேன், 'கடைக்குப் போயிட்டு வந்து பேசலாம்மா, டென்ஷன் பண்ணாத' என்றார். டென்ஷன் யாருக்கு. மூன்று மாதமாக ராப்பகலாக இதையே படித்துக்கொண்டிருக்கிறார், வளைவா தூணா, செம்பா எவர்சில்வரா என்று. என்னைக் கட்டிக்கொள்ளும்போதுகூட இவ்வளவு யோசிக்கவில்லை. வாங்கி முடிக்கட்டும். வாங்கின சந்தோஷத்தில் இருக்கும்போது கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டார். சொல்லுவார். ஆனால் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுவார். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்பார்கள், இவரை எதைப் பாடிக் கறப்பது என்று இத்தனை வருஷத்தில் எனக்குப் பிடிபடவில்லை. வியாழக்கிழமை அம்மா போன் பண்ணினாள். 'மயிலு, ஒருக்கா உன் வூட்டப் பாத்துட்டு வந்துர்றன் சாமி. கண்ணு ஆபரேசன் பண்ணதுல இருந்து நல்லாத் தெரியுது. தெரியறப்பவே பாத்துக்கறன்.' கேட்கவே கேட்காதவள். பேத்தியைப் போனில் மட்டும் பார்த்து வளர்த்தவள், அவள் ஆக்லாந்தில் காலேஜ் போகிற வரைக்கும் ஒருநாள் வருகிறேன் என்று சொன்னதில்லை. நானாவது வாம்மா என்றேனா. சொல்ல முடிந்தால்தானே. வரேன் என்று அவளே சொல்லிவிட்டாள், நான் 'சரிம்மா, அவர்கிட்டக் கேட்டுச் சொல்றேன்' என்றேன்.  'ஆமா, கேட்டுச் சொல்லு' என்றாள். அந்த 'ஆமா' இரண்டு நாளாகத் தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது.

இவர் என்னமோ க்ரெய்க்கிடம் வெப்பம், ஆவி என்று அடுக்கிக்கொண்டிருக்கிறார். 'வாரன், முதலில் ஒன்று சொல்லுங்கள், உங்களுக்கு என்ன குடிக்கப் பிடிக்கும்?' என்கிறான் அவன். வாரன் இவர்தான். பூவராகன் என்று அப்பா அம்மா வைத்த பேர், இந்த ஊரில் இறங்கி ஆறு மாதத்தில் வாரன் ஆகிவிட்டார். என்னையும் விட்டாரா, மயிலாயி என்று எங்கள் மலையில் வைத்த பேரை மைலா ஆக்கினார். வெள்ளைக்காரர்களுக்கு வாயில் நுழைய வேண்டுமாம். உண்மையில் மயிலாயி என்றால் இவருடைய சொந்தக்காரர்களுக்கே எந்த ஊர், எந்த மலை என்று தெரிந்துவிடும், அதுதான் சங்கதி. இந்த ஊருக்கு வந்தது என் விசாவில். நர்ஸ் வேலைக்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள், இவர் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விமானம் ஏறினவர். வீட்டுப் பத்திரத்தில் என் பேர்தான் முதலில். ஆனால் யார் வரலாம், யார் வரக்கூடாது என்பது இவர் கையில். எப்படி அவர் கைக்குப் போனது? எப்போது போனது? நான்தான் தூக்கிக் கொடுத்தேனா, அவர் எடுத்துக்கொண்டாரா, நினைத்து நினைத்துப் பார்த்தாலும் அந்த இடம் மட்டும் கிடைக்க மாட்டேன் என்கிறது. அவருடைய அம்மா மூன்று தடவை வந்துவிட்டார். வரும்போதெல்லாம் ஆறு மாதம். பால்கனியில் அப்பளம் காயப்போட்டு, என் சமையலில் உப்பு பார்த்து, போகும்போது 'உங்கம்மாவும் ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போகட்டுமே, மைலா' என்பார். பாவம், அந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. எங்களுக்கு மலையில் காப்பித் தோட்டம் என்று தன் வீட்டில் சொல்லிக் கல்யாணம் பண்ணிக்கொண்டவர் இவர். காப்பித் தோட்டம். எங்களுக்கு இருந்தது ஒரு வரகுக் காடும் ஒரு பலாமரமும். நான் ஒவ்வொரு தடவையும் 'அம்மாவுக்குத் தோட்டத்தை விட்டுட்டு வர முடியாதுங்க அத்தை' என்று சொல்லுவேன். இல்லாத தோட்டத்துக்கு இருபது வருஷமாகத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு ஓரத்தில் சின்னதாக ஒரு பாத்திரத்தை ஓடவிட்டிருக்கிறான், வருகிறவர்களுக்குக் காட்ட. வெறும் தண்ணீர்தான் உள்ளே என்றான். குழாய் முனையிலிருந்து கண்ணாடி ஜாடியில் சொட்டுகிறது. டப். நின்று, டப். இந்தச் சத்தம் எனக்குப் பிடிக்காது. வீட்டில் குழாய் சொட்டினால்கூட எழுந்து போய் மூடிவிட்டு வருவேன், இவர் என்னைச் சுத்தக்காரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். மலையில் எங்கள் அடுப்பின்மேல் பெரிய பானை, அதற்குள் வெல்லமும் வேலம்பட்டையும் போட்டுப் புளித்த ஊறல், அதன்மேல் இன்னொரு பானை, அதற்கும் மேல் பச்சைத்தண்ணீர் நிறைத்த சட்டி. தண்ணீர் சுடச்சுட மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஓடையிலிருந்து தண்ணீர் மொண்டு வருவது என் வேலை. பாதையில் காக்கி தெரிந்தால் விசில் அடிப்பதும் என் வேலை. இன்றைக்கும் எனக்கு நன்றாக விசில் வரும். மகள் சின்னவளாக இருந்தபோது ஒரு தடவை விளையாட்டாக அடித்துக் காட்டினேன், இவர் சமையல்கட்டிலிருந்து ஓடி வந்து, 'இதெல்லாம் பழக்கி விடாத' என்றார். எங்கம்மா ஒன்றும் உத்தமி இல்லை. அவள் காய்ச்சினதைக் குடித்து எத்தனை பேர் குடல் வெந்து போனார்கள் என்று எனக்குத் தெரியும். கீழூரிலிருந்து ஒருத்தி ஏறி வந்து எங்கள் வாசலில் மண்ணை வாரி இறைத்து, 'உன் பானையில என் தாலியப் போட்டு வேக வெக்கிறியேடி' என்று கத்தினாள்.  அன்றைக்கு அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் ஊறல் போட்டாள். வரகு விற்று நர்ஸ் படிப்புக்கு அனுப்ப முடியுமா. நான் தினம் நோயாளிகளுக்குப் போடுகிற ஊசி, இந்த ஸ்வெட்டர், வெளியே நிற்கிற கார், எல்லாவற்றுக்கும் அடியில் அந்தப் பானைதான் இருக்கிறது. அதனால்தான் எனக்கு அதைப் பெருமையாகவும் பேச முடியாது, தூக்கி எறியவும் முடியாது. இவரைப் போலத் துடைத்துப் போட்டுவிட முடிந்தவர்கள் புண்ணியவான்கள்.

'தூண் வெச்சது எடுத்தா ரொம்பச் சுத்தமா வரும், ஆனா வாசனை போயிடுமாம்,' என்று என் பக்கம் திரும்பிச் சொல்கிறார், கண்ணெல்லாம் விளக்கு. 'தமிழ்ல இதுக்கு வாலைன்னு பேர் தெரியுமா? சித்தர்களே வெச்சிருந்தாங்களாம்.' நாங்கள் பானை என்றுதான் சொன்னோம். 'அப்படிங்களா' என்றேன். இப்போது கேட்டால் என்ன? 'அம்மா வரணும்னு சொல்றாங்க' என்று மூன்றே வார்த்தை. வேண்டாம், க்ரெய்க் இருக்கிறான். அவனுக்குத் தமிழ் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, முகம் தெரியுமே. இவர் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும், கோபம் வராது, அது வந்தாலாவது தேவலை. ஒரு பொறுமை வரும். பொறுமையாக, 'யோசிச்சுப் பாரு மைலா. போலீஸ் கேஸ் இருக்கறவங்களுக்கு விசா குடுப்பானா? குடுத்தாலும் வந்து நாலு பேர் முன்னாடி வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருப்பாங்களா?' என்பார். அதுவும் நிஜம்தான், இருக்க மாட்டாள். ஜெயிலைப் பற்றி யார் கேட்டாலும் எங்கம்மா சம்பந்தி வீட்டுக்குப் போய்விட்டு வந்த மாதிரி சொல்லுவாள், 'சாம்பாரு நல்லா கெட்டியா ஊத்துவாங்க' என்று. அவளுக்கு அதில் வெட்கமே கிடையாது. வெட்கப்பட என்ன இருக்கிறது, அவள் போனது முறைக்கு.

இதை இவருக்குச் சொல்லிப் புரியவைக்க என்னால் கடைசிவரை முடியவில்லை. மாதா மாதம் இத்தனை கேஸ் பிடித்தோம் என்று ஸ்டேஷன்காரர்கள் மேலே காட்ட வேண்டும். அதற்கு அவர்கள் மலையேறி, முள்ளில் கால் கிழித்து, ஆளைத் துரத்திப் பிடிப்பார்களா? ஊர்த் தலைக்கட்டுகளிடம் சொல்லி அனுப்புவார்கள், இந்த மாதம் ஒரு ஆள் வேண்டும் என்று. ஊர் கூடி, எந்த வீட்டு முறை என்று பார்த்து, அந்த வீட்டிலிருந்து ஒரு ஆளை இறக்கி அனுப்பும். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற முறை மாதிரியேதான். காய்ச்சினது யாராகவும் இருக்கலாம், கேஸ் முறைக்காரன் பேரில். போகிறவரின் காட்டை ஊர் உழுது கொடுக்கும், பிள்ளைகளுக்கு எதிர்வீடு சோறு போடும். அந்தத் தை மாதம் எங்கள் வீட்டு முறை. அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அம்மா சேலையை மாற்றிக்கொண்டு, 'நான் போறன், எனக்கென்ன, மூணு வேள ஒக்காந்து திங்கப் போறன்' என்று சிரித்துக்கொண்டே இறங்கினாள். பொங்கல் கழித்துப் போனவள் மாசி கடைசியில் வந்தாள். முறை முடித்து வருகிறவர்களுக்குச் செய்வதைப்போல அவளுக்கும் ஊர் எல்லையில் மேளம் வைத்து, புதுச்சேலை கொடுத்து, அந்த வருஷம் பூசையில் முதல் திருநீறு அவளுக்குத்தான் கொடுத்தார்கள். மலைமேல் அது மரியாதை. மலையைவிட்டு இறங்கின பிறகுதான் எனக்கு அது அசிங்கம் என்று தெரிந்தது. நர்சிங் ஹாஸ்டலில் ஒருத்தி என் பெட்டியைத் தனியாக வைக்கச் சொன்னபோது தெரிந்தது. இவரிடம் சொன்னபோது நன்றாகத் தெரிந்தது. காதலிக்கிற நாளில் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு பைத்தியம் இருக்குமே, அந்தப் பைத்தியத்தில் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார், முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, 'இது நமக்குள்ளயே இருக்கட்டும்' என்றார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று அன்றைக்கு நான் அழுதேன். அழுதவளைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு அம்மாவைக் கூப்பிடாமல் முடியாது, வந்தால் பேசுவாள். அதற்கு இவர் ஒரு யோசனை கண்டுபிடித்தார். 'அத்தை, உங்களுக்குத் தொண்டை கட்டிக்கிச்சுன்னு சொல்லிடறேன், ரெண்டு நாள் பேசாம இருந்துடுங்க' என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் பூ கட்டிக்கொண்டிருந்தேன். கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, முகூர்த்தம், பந்தி, நலங்கு அத்தனையிலும் எங்கம்மா ஊமையாக உட்கார்ந்திருந்தாள். இவருடைய பெரியம்மா மிளகு தட்டிப்போட்டு வெந்நீர் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தார், அதை வாங்கி வாங்கிக் குடித்தாள். தாலி கட்டின பிறகு என் காதருகே வந்தாள், ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன், நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சொல்லாமல் என் தலையைத் தொட்டுவிட்டுப் போய்விட்டாள். என்ன சொல்ல வந்தாள் என்று பிறகு எத்தனையோ தடவை கேட்டேன். 'அதெல்லாம் யாருக்கு நெனப்பிருக்கு, மொளகுத்தண்ணி குடிச்சுக் குடிச்சு வகுறு எரிஞ்சதுதான் நெனப்பிருக்கு' என்பாள்.

என்ன சொல்கிறார் இவர். என்னைக் கை காட்டி ஏதோ சொல்கிறார். 'என் மனைவியைக் கேளுங்கள் க்ரெய்க். அவள் சாராயம் வடிப்பவர்களின் குடும்பம். ஐந்து தலைமுறை. மலைவாசிகள். களிமண் பானை, விறகு அடுப்பு, ஒரிஜினல்.' நான் சரியாகக் கேட்கவில்லையோ. சரியாகத்தான் கேட்டேன். க்ரெய்க் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்க்கிறான், கடையின் கடைசியில் பாட்டில் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு கிழவரையும் கூப்பிடுகிறான், 'இங்கே வாருங்கள், இதைக் கேளுங்கள்' என்று. 'நிஜமாகவா மைலா? ஐந்து தலைமுறையா?' இரண்டு தலைமுறை, அம்மாவும் அவள் மாமியாரும். ஐந்து எங்கிருந்து வந்தது. காப்பித் தோட்டம் வந்த இடத்திலிருந்துதான் வந்திருக்கும். 'எதில் காய்ச்சுவார்கள்?' என்கிறான். வெல்லத்தில் என்கிறேன். என் குரல்தானா அது. இருபது வருஷமாக அந்த வார்த்தையை இந்த விஷயத்துக்காக வெளியே எடுத்ததில்லை. 'அப்படியென்றால் ரம் மாதிரி! உங்களிடம் ஒரு பாரம்பரியமே இருக்கிறது' என்று நெஞ்சில் கை வைக்கிறான். பாரம்பரியம். போலீஸ்காரன் அதை ஊறல் என்று எட்டி உதைத்தான், மாஜிஸ்திரேட் குற்றம் என்றார், என் புருஷன் நமக்குள்ளேயே இருக்கட்டும் என்றார், இன்றைக்கு ஒரு வெள்ளைக்காரன் பாரம்பரியம் என்றதும் இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பூரிக்கிறார். என் தோளில் கை போட்டுக்கொள்கிறார். எனக்குக் காது சுடுகிறது. கோபம். கோபம்தான், ஆனால் அதற்கடியில் இன்னொன்றும் ஊறிக்கொண்டு வருகிறது, எனக்கே வெட்கமாக இருக்கிறது, சந்தோஷம். சொல்லிவிட்டார் அல்லவா. தன் வாயால், நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். இனி மறைக்க என்ன இருக்கிறது. காப்பித் தோட்டத்தை இந்த நிமிஷம் இவரே வெட்டிச் சாய்த்துவிட்டார். இனி அம்மா வரலாம். கழுத்தில் துண்டு இல்லாமல் வரலாம். வந்து பால்கனியில் உட்கார்ந்து, யார் கேட்டாலும் கெட்டிச் சாம்பார் கதையைச் சொல்லலாம். எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. இதற்கா இருபது வருஷம்.

க்ரெய்க்கே எனக்கு எடுத்துக் கொடுத்தான். 'உங்கள் அம்மா எங்கே இருக்கிறார்? இங்கே வருவாரா? எங்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது, மாதம் ஒருமுறை இந்தக் கடையிலேயே கூடுவோம். ஒரு நாள் வந்து மண்பானையில் எப்படி என்று காட்டினால் நான் கடையையே மூடிவிட்டு உட்கார்ந்து பார்ப்பேன்' என்றான். கிழவர் தலையை ஆட்டினார். நான் இவரைப் பார்க்கவில்லை. நேராக க்ரெய்க்கைப் பார்த்து, வருவார், வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். என் தோளில் இருந்த கை லேசாக அழுத்தியது. 'ஷீ இஸ் நோ மோர்' என்றார் இவர். 'சில வருஷம் ஆகிவிட்டது' என்றும் சேர்த்துக்கொண்டார், குரலைக் கொஞ்சம் இறக்கி. தடுமாறவே இல்லை. பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னார். மண்பானை வேண்டும், ஐந்து தலைமுறை வேண்டும், பானைக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிற பொம்பளை மட்டும் வேண்டாம். அவள் வந்தால் ஐந்து தலைமுறை இரண்டாகிவிடும், அவள் வந்தால் பாரம்பரியத்துக்கு வாய் முளைத்துவிடும். அங்கே இன்னும் விடிந்திருக்காது. அம்மா ஒரு கையைத் தலைக்கு வைத்து ஒருக்களித்துப் படுத்திருப்பாள், வாய் கொஞ்சம் திறந்திருக்கும். தூக்கத்திலேயே சாகடித்துவிட்டார். க்ரெய்க் என்னிடம் திரும்பி, 'ஐ ஆம் ஸோ சாரி மைலா' என்றான். நிஜமாகவே கண் கலங்கினான், நல்லவன். முதியோர் இல்லத்தில் என் வார்டில் யாராவது போய்விட்டால் பிள்ளைகளிடம் இதே வார்த்தையை நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், அவர்கள் என்ன பதில் சொல்லுவார்கள் என்று எனக்குப் பாடம். அந்தப் பாடம்தான் என் வாயிலிருந்து வந்தது. 'தேங்க் யூ' என்றேன். சொன்னேன். எங்கம்மா செத்ததற்கு நான் நன்றி சொன்னேன். அந்தக் கிழவர்கூட என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. எது எடுப்பது என்ற சந்தேகமே போய்விட்டது. 'அப்படியென்றால் பாட் ஸ்டில்தான் வாரன், செம்புத் தலை வைத்தது. அவர் குடும்பத்து வழி அது' என்றான் க்ரெய்க். இவரும், 'ஆமாம், அவர் நினைவாக அதுவே இருக்கட்டும்' என்றார். என் காதால் கேட்டேன், நினைவாக என்று. பெட்டியில் வைத்துச் சுற்றிக் கொடுத்தான், ஒரு ஈஸ்ட் பாக்கெட்டை இனாமாக உள்ளே போட்டான். அதுவும் அம்மாவுக்காகத்தான் இருக்க வேண்டும். ஒரு பக்கம் இவர் பிடிக்க, ஒரு பக்கம் நான் பிடிக்க, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். கனமாக இருந்தது. எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. பயம் வரும் என்று எதிர்பார்த்தேன், வியாழக்கிழமையிலிருந்து கூடவே இருந்ததே, அதுவும் காணோம். எங்கே போனது? இவர் இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்பதுதானே பயம். இல்லை என்பதைவிடப் பெரியதைச் சொல்லிவிட்டார். இனிமேல் இவரால் எனக்கு என்ன சொல்ல முடியும். செத்தவளுக்குமேல் யாரைச் சாகடிக்க முடியும். டிக்கியை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார், கைகளைத் தட்டிக்கொண்டார், பெல்ட்டை மாட்டினார். கோபமாக இருக்கிறேனோ என்று ஒரு கண் பார்த்தார். 'அவன்கிட்ட அப்படிச் சொன்னது ஒரு பேச்சுக்கும்மா, இல்லன்னா விடமாட்டான், க்ளப்பு அது இதுன்னு நச்சரிப்பான்,' என்றார். நானும் பெல்ட்டை மாட்டிக்கொண்டேன். மனசு நிறைந்திருக்கிற மனுஷன், தாராளமாக இருக்க ஆசைப்பட்டார். வண்டியைக் கிளப்பிக்கொண்டே, 'சரி, வரும்போது ஏதோ கேக்கணும்னு சொன்னியே, என்ன? கேளு' என்றார்.

'கேக்கறதுக்கு ஒண்ணுமில்லைங்க. சொல்றதுக்குத்தான் இருக்கு. மார்ச்சுல அம்மா வர்றாங்க. விசாவுக்கு நான் எழுதிக்கறேன், டிக்கெட்டும் நான் போட்டுக்கறேன்.'

'அம்மாவா?' வண்டியைப் பின்னால் எடுத்தபடி கண்ணாடியைப் பார்த்தார். 'முட்டி ஆபரேஷன் முடிஞ்சப்பறம்தான் வருவேன்னு என்கிட்ட சொன்னாங்களே.'

'உங்கம்மா இல்லைங்க,' என்றேன். 'செத்துப்போனவங்க.'